கைப்பேசியிடம் ஆங்கிலம் பேசலாமா?

எங்கள் பகுதியில் ஆங்கிலத்தின் தேவையை விளக்கிக் கூற வேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கொரிய நாட்டு ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலை வந்தது. வெளிநாட்டாரும் நம்மவரும் கூடிப் பணியாற்றும் இடத்தில் இடையே நிற்கும் மொழி பெரும்பாலும் ஆங்கிலமே.

கருவிகளைக் கொண்டு மொழி கற்பது புதிதன்று. லண்டனில் 1901இல் தோன்றிய லிங்குவாபோன் நிறுவனம் ஒலிப்பதிவுகளின் வாயிலாகவே மொழிகளைக் கற்பித்தது. நம் மாநிலத்தில் 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. இவற்றை நாம் கேட்கலாம். இவை நம்மைக் கேட்பதில்லை. கைப்பேசியோ நாம் பேசுவதையும் கேட்கிறது. மாணவியர் அதை விரும்புவது இதனால்தான் என்பது என் கருத்து.

தோழியரே, ஒரு சோதனை செய்து பாருங்கள். கைப்பேசியில் ஆங்கிலத்தைக் குரலால் எழுதும் வசதியைத் திறந்து, கரடிக்குரிய ஆங்கிலச் சொல்லைக் கூறுங்கள். எனக்குப் பேரிக்காய்தான் வந்தது! இரண்டு ஒலிக்கும் நம்மிடம் இருப்பது 'ப' என்னும் ஓர் எழுத்தே. தமிழ்ச் சொல்லின் முதலில் அது தொண்டை அதிராமல் ஒலிக்கும். 'கம்பு' என்னும்போதோ அதிர்ந்து ஒலிக்கும். தொண்டையில் விரலை வைத்தால் வேறுபாடு தெரியும். நானும் 'கம்பு, கம்பு' என்று சொல்லி, அதன் கடைசி ஒலியை மட்டும் பிரித்தெடுத்துப் பழகினேன். ஏழாம் முறை கரடி வந்தது.

ஆறு முறை தவறியும் கைப்பேசி சிரிக்கவில்லை. என் தோழியர் பலரும் அதைப் பாராட்டுவது இதற்காகவே. (ஒருத்தி மட்டும், அப்பா இரவுப் பணி முடிந்து வந்தால்தான் தன் வீட்டில் கைப்பேசி உண்டு என்றாள்.)

என் அக்காளும் அப்படித்தான் மாதக்கணக்கில் கைப்பேசியிடம் பேசிப் பழகினாள். சென்ற ஆண்டு ஒரு தொழிற்சாலையில் நேர்காணலுக்குச் சென்றாள். எதிரே மூவர் அமர்ந்து, "உன்னைப் பற்றிச் சொல்" என்று ஆங்கிலத்தில் கேட்டதும் வாயடைத்துப் போனாள். "பதில் தெரியும்டி, அவங்க முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போச்சு" என்று வீட்டிற்கு வந்து அழுதாள். கைப்பேசிக்குத்தான் முகம் இல்லையே!

அன்று முதல் இரவு உணவுக்குப் பின் நாங்கள் இருவரும் எதிரெதிரே அமர்ந்து ஆங்கிலத்தில் பேசுகிறோம். கைப்பேசி அலமாரியின் மேல் இருக்கும். ஐயம் எழுந்தால் மட்டும் எடுப்போம். முதல் வாரம் சிரித்தே பொழுது போயிற்று. இப்பொழுது அம்மாவையும் அப்பாவையும் நாற்காலியில் உட்கார வைத்து, அக்காளை அவர்கள் முன் பேசச் சொல்கிறோம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது; ஆனாலும் முகத்தை மிகக் கடுமையாக வைத்துக்கொள்கிறார். அடுத்த மாதம் அக்காளுக்கு மற்றொரு நேர்காணல் இருக்கிறது.