உலகக் கோப்பை வென்ற கால்பந்து வீரர்களின் பதிவேட்டைப் பிழையின்றிப் பேணும் முறை

உலகக் கோப்பை வென்ற கால்பந்து வீரர்களைப் பட்டியலிட முனைவோர் பெயர்களைத் திரட்டுவதில் அதிகம் இடறுவதில்லை. யாரை வெற்றியாளராகக் கொள்வது என்பதை முன்கூட்டியே வரையறுக்காமையால்தான் இடறுகின்றனர். பழனி வட்டாரத்துப் பள்ளி நூலகமோ விளையாட்டு மன்றமோ இத்தகைய பதிவேடு ஒன்றைத் தொடங்குமானால், அந்த வரையறையே அதன் முதல் பக்கத்தில் இடம்பெற வேண்டும்.

பதிவேடு நீளப் பேரேடாக இருந்தாலும் கணினி விரிதாளாக இருந்தாலும் அமைப்பு ஒன்றே. ஒரு வீரர் ஒரு தொடரில் பெற்ற வெற்றிக்கு ஒரு வரி ஒதுக்கப்பட வேண்டும். எனவே 1958, 1962, 1970 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்ற பெலேவுக்கு மூன்று வரிகள் அமையும்.

அடுத்து வருவது மிகக் கடினமான படி. ஒவ்வொரு வரியிலும் மூன்று கட்டங்கள் தனித்தனியே நிரப்பப்பட வேண்டும்: தொடருக்கு முன் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவிடம் அளிக்கப்பட்ட அணிப்பட்டியலில் வீரரின் பெயர் இருந்ததா, தொடரில் ஒரு முறையேனும் களமிறங்கினாரா, இறுதியாட்டத்தில் ஆடினாரா என்பன அவை. இம்மூன்றையும் 'வெற்றியாளர்' என்னும் ஒரே சொல்லில் அடக்குவோரின் கணக்கு எவ்வகையிலும் நேராகாது. 2018-இல் வென்ற பிரான்ஸ் அணியின் ஆதில் ராமி ஒரு நிமிடமும் ஆடவில்லை. ஆயினும் அவர் உலகக் கோப்பை வென்ற வீரரே. 1962-இல் பெலே இரண்டாம் ஆட்டத்திலேயே காயமுற்று விலகியதால், அவ்வாண்டு வரியில் முதல் இரு கட்டங்களுக்கு 'ஆம்' என்றும் மூன்றாவதற்கு 'இல்லை' என்றும் எழுதப்படும்.

பதக்கத்தை அளவுகோலாகக் கொள்வது எளிய வழியாகத் தோன்றினாலும் அதுவே பெரும் குழப்பத்தை விளைவிக்கிறது. 1974 வரை இறுதியாட்டத்தில் ஆடியோருக்கே பதக்கம் வழங்கப்பட்டது. 1978 முதல் அணி முழுமைக்கும் வழங்கப்படுகிறது. முந்தைய அணிகளில் விடுபட்டோருக்கும் பதக்கம் அளிக்க 2007-இல் ஃபிஃபா முடிவு செய்தது. 1966-இல் இங்கிலாந்து அணிக்காக முதற்கட்ட ஆட்டங்களை ஆடிக் காயத்தால் இடமிழந்த ஜிம்மி கிரீவ்ஸ் தம் பதக்கத்தை 2009-இல்தான் பெற்றார். ஆகவே பழைய நூலும் புதிய நூலும் முரண்படும்போது இரண்டில் ஒன்றைப் பிழையெனத் தள்ளிவிடாமல், அவை அச்சான ஆண்டை முதலில் நோக்க வேண்டும். பதக்கம் பெற்ற ஆண்டு தனிக் கட்டத்திற்கு உரியது.

1950-ஆம் ஆண்டுக்கு மட்டும் ஒரு குறிப்பு இன்றியமையாதது. அத்தொடரில் முறையான இறுதியாட்டம் இல்லை. நான்கு அணிகள் மோதிய இறுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் பிரேசிலை 2-1 என வென்று உருகுவே கோப்பையைப் பெற்றது. மூன்றாம் கட்டத்தில் அந்த ஆட்டத்தையே குறித்து, பக்கத்தின் அடியில் விளக்கம் எழுதுவது தக்கது.

பெயர்களைப் பொறுத்தவரை, ஒவ்வொருவருக்கும் மாறாத வரிசை எண் ஒன்று கொடுத்துவிடுவதே உறுதியான காப்பு. 1994-இன் பிரேசில் அணியில் ரொனால்டோ என்னும் பெயருடைய இருவர் இருந்தமையால், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற இளையவர் அப்போது ரொனால்டினோ என்றும் மற்றவர் ரொனால்டாவ் என்றும் அழைக்கப்பட்டனர். 2002-இல் வென்ற ரொனால்டினோவோ முற்றிலும் வேறொருவர். மகளிர் உலகக் கோப்பையில் 1999-இல் கிறிஸ்டி பியர்ஸ் என்ற பெயரில் வென்ற அமெரிக்க வீராங்கனையே 2015-இல் கிறிஸ்டி ராம்போன் என்ற பெயரில் மீண்டும் வென்றார். முழுப்பெயர், அந்தத் தொடரில் வழங்கிய பெயர், வரிசை எண் ஆகிய மூன்றும் உடனிருந்தால் இவர்களைப் பிரித்தறிவதில் இடர்ப்பாடு எழாது. மகளிர் வெற்றிகளைப் பின்னிணைப்பாக ஒதுக்காமல், அதே கட்டங்களோடு அதே பதிவேட்டில் எழுத வேண்டும்.

நாட்டின் பெயர் அன்று வழங்கியவாறே எழுதப்பட வேண்டும். 1990 ஜூலையில் வென்றது மேற்கு ஜெர்மனி. இரு ஜெர்மனிகளின் இணைப்பு நிகழ்ந்தது அவ்வாண்டு அக்டோபரில். பயிற்சியாளராகப் பெற்ற வெற்றி வேறு தாளுக்கு உரியது. 1998-இல் பிரான்ஸ் அணித் தலைவராகவும் 2018-இல் பயிற்சியாளராகவும் வென்ற திதியே தெஷாம் வீரர் பதிவேட்டில் ஒரு வரியே பெறுவார்.

சான்றுக்கு அணிப்பட்டியலும் ஆட்ட அறிக்கையும் போதும். கோப்பையேந்திய படத்தைப் பார்த்துப் பெயர் எழுதுவது அறவே தவிர்க்கத்தக்கது.

இம்முறை தமிழகக் கால்பந்துக்கும் அப்படியே பொருந்தும். தமிழ்நாட்டு மகளிர் அணி தேசியப் பட்டத்தை 2017-18, 2022-23 ஆகிய பருவங்களில் வென்றது. முதல் பருவத்தின் இறுதியாட்டம் 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூருக்கு எதிராக நடந்தது. பருவத்தையும் ஆட்ட நாளையும் தனித்தனியே குறிக்காவிடில் ஒரே பட்டம் இரு ஆண்டுகளில் எண்ணப்பட்டுவிடும். இந்துமதி கதிரேசன் என்று தேசியப் பட்டியல்களில் காணப்படும் தமிழ்நாட்டு வீராங்கனையின் பெயர் உள்ளூர் வழக்கில் க. இந்துமதி என்றும் வரக்கூடும். இரண்டையும் ஒரே எண்ணின்கீழ்ச் சேர்க்க வேண்டும்.

பிழை கண்டால் பழைய பதிவை அழிக்காமல் ஒற்றைக் கோட்டால் அடித்து, திருத்திய நாளையும் சான்றையும் அருகில் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.