ஆர்.சி.ஐ. பதிவைப் புதுப்பித்துவிட்டீர்களா?

சிறப்புக் கல்வி டிப்ளமோ முடித்து, தொகுப்பூதியத்தில் சேர்ந்து, வட்டார வள மையத்துக்கும் பள்ளிகளுக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்குமாக ஓடிக்கொண்டிருப்பவரா நீங்கள்? மற்றதைப் படிக்க நேரமில்லாவிட்டாலும் ஒன்றை மட்டும் இன்று ராத்திரியே எடுத்துப் பாருங்கள்: உங்கள் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் குழுமம்) பதிவு எந்தத் தேதியோடு முடிகிறது?

எனக்கு எப்போதோ முடிந்திருந்தது. சான்றிதழ் சரிபார்ப்பில்தான் தெரிந்தது. "படிப்பு இருக்கு, அனுபவம் இருக்கு. ரெஜிஸ்ட்ரேஷன் காலாவதி ஆயிருக்கேம்மா" என்று சொல்லி, என் கோப்பைத் தனியாக எடுத்து வைத்தார்கள். எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த பிள்ளைகள் சரிபார்ப்பை முடித்துச் சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள்.

இதில் என் கவனக்குறைவு எதுவும் கிடையாது. சேர்ந்த புதிதிலேயே நான் கேட்டேன். அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர், "அதெல்லாம் தனியா சென்டர் வச்சிருக்கவங்களுக்கும்மா. நாம கவர்மெண்டு ஸ்கீம். நமக்கு எதுக்கு?" என்றார். எங்கள் செட்டில் பாதிப் பேர் அதை நம்பினோம். அவர் ஓய்வு பெற்றுப் பேரன் பேத்தியோடு நிம்மதியாக இருக்கிறார். தண்டம் கட்டியது நாங்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம். பதிவு இல்லாமல் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அரசுத் திட்டத்தில் இருப்பவருக்கு இதில் விலக்கு கிடையாது. பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். லைசென்ஸ் காலாவதியான டிரைவர், இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன் என்று போலீஸிடம் சொல்லிப் பார்ப்பதுபோலத்தான் நம் அனுபவமும்.

புதுப்பிப்பது பணம் கட்டினால் முடிகிற காரியம் இல்லை. தொடர் மறுவாழ்வுக் கல்வி, அதாவது சி.ஆர்.இ. புள்ளிகள் வேண்டும். திட்டத்தில் நமக்கு நடத்துகிற பணியிடைப் பயிற்சிகளின் சான்றிதழ்கள் என்னிடம் ஒரு கட்டு இருந்தன. அவை செல்லாது, ஆர்.சி.ஐ. முன்அனுமதி தந்த நிகழ்ச்சிகளுக்குத்தான் புள்ளி. ஆகவே ஐந்து ஆண்டில் நிதானமாகச் சேர்த்திருக்க வேண்டியதைக் கைக்காசு போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்து, மூச்சுமுட்டச் சேர்த்தேன். வருஷம் ஒரு நிகழ்ச்சியாவது போய்விடுங்கள். பிள்ளையை மாமியார் பார்த்துக்கொள்வார்கள்.

இவ்வளவு அவசரம் எதற்கு என்றால், 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறப்பு ஆசிரியர் விகிதத்தைப் பேசியது. 2022 ஜூனில் மத்திய அரசு அதை அறிவிக்கையாக்கியது: தொடக்க வகுப்புகளில் பத்து மாற்றுத்திறன் மாணவருக்கு ஓர் ஆசிரியர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர். 2025 மார்ச்சில் அதே வழக்கில், பல ஆண்டுகளாகத் தற்காலிகமாக வேலை பார்ப்பவர்களின் தகுதியை ஆராய மாநிலந்தோறும் குழு அமைக்கச் சொன்னது நீதிமன்றம். தகுதி உறுதியானால் காலமுறை ஊதியம். அந்தக் குழுவில் ஆர்.சி.ஐ. பிரதிநிதியும் உட்காருகிறார். அவர் முதலில் எதைக் கேட்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் பக்கத்துக்கு இந்தத் தொழில் புதிதா என்ன? பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் 19-ஆம் நூற்றாண்டிலேயே பள்ளிகள் வந்துவிட்டன. ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியது 1981-இல், ஆர்.சி.ஐ. சட்டமே அதற்குப் பதினோரு ஆண்டு கழித்துத்தான் வந்தது. ஆனாலும் முத்திரை டெல்லியிலிருந்துதான் வர வேண்டும். அதில் எனக்கு வருத்தம் உண்டு. வருத்தத்தைக் கோப்பில் வைக்க முடியாது.

மற்றவை சில்லறை வேலைகள், வேகமாகச் சொல்கிறேன். ஆதாரிலும் மார்க்‌ஷீட்டிலும் இனிஷியல் ஒன்றாக இருக்கட்டும். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா பெயரை எடுத்துவிட்டுக் கணவர் பெயரைப் போட்டவர்கள் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பழைய சான்றிதழில் எம்.ஆர். என்றும் புதிய ஆணையில் ஐ.டி. என்றும் இருந்தால் இரண்டும் அறிவுசார் குறைபாடுதான் என்று விளக்க ஆள் தேடாதீர்கள். குழுமத்தின் காகிதத்தையே கையில் வைத்திருங்கள். பி.எட். கூடுதலாக முடித்தால் அதையும் பதிவேட்டில் தனியாக ஏற்ற வேண்டும். விண்ணப்பத்தை சீசனுக்கு முன்னாலேயே முடியுங்கள். ஜூன், ஜூலையில் சாரலோடு கரண்டும் போய் வந்துகொண்டிருக்கும். குற்றாலம் ரோட்டில் பஸ் நகராது. பிரவுசிங் சென்டருக்குப் போய்ச் சேருவதற்குள் கடையைப் பூட்டிவிடுவார்கள்.

டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வையும் எழுதுங்கள். நமக்கு அது உண்டா இல்லையா என்று வாட்ஸப் குழுவில் சண்டை போட்டவர்கள் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று முதல் எட்டு வரை கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு 2010-லேயே அதைத் தகுதியாக வைத்துவிட்டார்கள். ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள், பணியில் இருந்தாலும் இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. விதியை எந்தப் பக்கம் படித்தாலும், தேறியவரிடம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

"ஏட்டி, சாதா பி.எட். படிச்சிருந்தா இந்நேரம் நிம்மதியா டீச்சர் ஆயிருப்ப" என்பார் என் மைனி. நான் வேலையை விடாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.எட். சிறப்புக் கல்வியே படித்தேன். 2024 ஜனவரியில், இனி இரண்டு ஆண்டு பி.எட். சிறப்புக் கல்வி கிடையாது, நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த படிப்புதான் என்று ஆர்.சி.ஐ. சுற்றறிக்கை விட்டபோது என் கையில் பட்டம் இருந்தது. மைனி சொன்ன சாதா பி.எட். முடித்த அவர் தங்கை இன்னும் தனியார் பள்ளியில்தான் இருக்கிறார். இலஞ்சியில் நான் போகிற வீட்டில் ஒரு பையன் இப்போது தன் சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறான். எந்த பி.எட். நல்லது என்று அவன் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளலாம்.

என் பதிவு இப்போது உயிரோடு இருக்கிறது, கோப்பும் நகர்ந்துவிட்டது. இனி அலுவலகத்தில் யாராவது "நமக்கு எதுக்கு?" என்றால் வாதாடாதீர்கள். "சரி சார், அதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க" என்று கேளுங்கள். நான் இப்போது எதற்கும் அப்படித்தான் கேட்கிறேன். இதுவரை ஒருவரும் எழுதித் தரவில்லை.