கோட்டைக்குப்பம் தம்பிகளுக்கு: எஞ்சினில் கைவைக்கும் முன்

படகு எஞ்சினும் பைக் எஞ்சினும் பிரித்துப் பூட்டியே தலை நரைத்தவன் சொல்கிறேன். நம் குப்பத்திலும் க்ரூஸர் வண்டிகள் பெருகிவிட்டன. கைமாறி வந்த தண்டர்பேர்டு, அவெஞ்சர், கொஞ்சம் வசதி இருந்தால் மீட்டியர். வாங்கின சூடு ஆறுவதற்குள் "மாமா, பவர் ஏத்தணும்" என்று வந்து நிற்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

1. என்ன குறை என்று முதலில் சொல், தம்பி. "பவர் பத்தலை" என்பது பதில் ஆகாது. மீஞ்சூர் பக்கம் கன்டெய்னர் லாரியை முந்தும்போது இழுவை போதவில்லையா? பின்னால் ஆள் ஏறினால் வண்டி திணறுகிறதா? ஜி.என்.டி. ரோட்டில் இன்னும் வேகமாகப் போக ஆசையா? இல்லை, சத்தம்தான் வேண்டுமா? நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. சத்தம்தான் வேண்டும் என்றால் அதை ஒத்துக்கொள். வெட்கப்பட ஒன்றுமில்லை. சத்தத்தைப் பவர் என்று நம்பிக் காசு கொடுப்பதுதான் ஏமாளித்தனம்.

2. "எத்தனை ஹெச்.பி. கூடும்?" என்று கேட்காதே. "எந்த ஆர்.பி.எம்.மில் கூடும்?" என்று கேள். மீட்டியர் 350-ஐ எடுத்துக்கொள். 4000 ஆர்.பி.எம்.மில் 27 நியூட்டன் மீட்டர் இழுவை. அந்த இடத்தில் கணக்குப் போட்டால் சுமார் 15 ஹெச்.பி.தான் வரும். விளம்பரத்தில் சொல்லும் 20.2 ஹெச்.பி. கிடைப்பது 6100-ல். நீ ஓட்டுவது பெரும்பாலும் 2500-க்கும் 4500-க்கும் நடுவில். உச்சியில் இரண்டு ஹெச்.பி. ஏற்றுகிறேன் என்று கீழே இருக்கிற இழுவையைக் குறைத்துவிடும் பாகங்கள் சந்தையில் நிறைய உண்டு. க்ரூஸருக்கு அது சுத்தமாக ஆகாது.

3. கடைக்காரர் சொல்லும் கணக்கை உரசிப் பார்க்க ஓர் உரைகல் தருகிறேன். தண்டர்பேர்டு 350-க்கு 19.8 ஹெச்.பி. 2012-ல் வந்த தண்டர்பேர்டு 500-க்கு 27.2. வித்தியாசம் ஏழு சொச்சம். அதற்காக ராயல் என்ஃபீல்டு சிலிண்டரை 70 மில்லிமீட்டரிலிருந்து 84-க்குப் பெரிதாக்கி, பிஸ்டனை மாற்றி, கார்புரேட்டரை எடுத்துவிட்டு ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வைத்தது. நம் கரையிலேயே, திருவொற்றியூரில், 1950-களிலிருந்து எஞ்சின் செய்து பழகிய கம்பெனிக்கு இவ்வளவு வேலை தேவைப்பட்டது. ஒரு சைலன்சரை மாட்டி ஐந்து ஹெச்.பி. ஏற்றிவிடுவேன் என்று ஒருவர் சொன்னால் டீ குடித்துவிட்டுக் கிளம்பு.

இன்னொன்றும் பார். 2020 நவம்பரில் மீட்டியர் வந்தபோது பழைய தண்டர்பேர்டைவிட இழுவை ஒரு நியூட்டன் மீட்டர் குறைவு, ஹெச்.பி.யோ அரைக்கும் குறைவாகவே கூடியது. ஆனால் ஓட்டியவர்கள் எல்லாரும் "வண்டி நல்லா போகுது" என்றார்கள். அதிர்வை அடக்க உள்ளே பேலன்சர் ஷாஃப்ட் வைத்திருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதிர்வு குறைந்தாலே கை தானாக ஆக்சிலரேட்டரைத் திருகும்.

4. இருக்கிற பவரை முதலில் மீட்டெடு. இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. ஆனால் உப்புக்காற்றிலும் மணலிலும் நிற்கிற வண்டி ஷோரூமில் கொடுத்த பவரோடு இருக்கும் என்று நினைக்காதே. மெயின் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிடு. ஒரு சுற்றுகூட முழுதாக வராமல் நின்றால் பிரேக் பேட் பிடிக்கிறது, எஞ்சின் அதையும் சேர்த்து இழுக்கிறது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, அதற்கு உள்பக்கம் இருக்கும் குழாயில் விரலைவிட்டுத் துடைத்துப் பார். விரலில் மண் ஒட்டினால் ஃபில்டர் ஓரமாகக் கசிகிறது. அந்த மண் சிலிண்டரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. கம்ப்ரெஷன் பார்க்கச் சொல். கிளட்ச் வழுக்குகிறதா பார். மீன் பெட்டி கட்டுகிற வண்டி என்றால் ஐஸ் தண்ணீர் சொட்டுகிற இடம் செயின்தான். நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, எண்ணெய் போடாமல் எந்த மேம்பாட்டுக்கும் போகாதே. என்னிடம் பவர் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும்.

5. அதற்குப் பிறகும் இழுவை வேண்டும் என்றால் ஸ்ப்ராக்கெட். ஒரே எஞ்சினுக்கு விசிறியை மாற்றினால் படகு வேறு மாதிரி ஓடும் என்று உனக்குத் தெரியுமே, இதுவும் அதேதான். முன்பக்கம் 15 பல் இருந்தால் 14 போடு. சக்கரத்தில் இழுவை சுமார் 7 சதவீதம் ஏறும். 27 நியூட்டன் மீட்டர் எஞ்சின் 29 மாதிரி நடந்துகொள்ளும். எஞ்சினைத் திறக்கவே வேண்டாம். இலவசம் இல்லை: அதே வேகத்துக்கு எஞ்சின் 7 சதவீதம் கூடுதலாகச் சுற்றும், மைலேஜும் உச்ச வேகமும் குறையும். ஆள் ஏற்றி ஊருக்குள் ஓட்டுகிறவனுக்கு நல்லது, நெல்லூர் வரை ஹைவேயில் போகிறவனுக்கு ஆகாது. பழைய செயினில் புது ஸ்ப்ராக்கெட் மாட்டாதே, இரண்டும் சேர்ந்தே கெடும்.

6. ஃபில்டர், சைலன்சர், பெட்ரோல் அளவு மூன்றும் ஒரே குடும்பம். ஹார்லி-டேவிட்சன்காரர்கள் ஸ்டேஜ் 1 என்று சொல்வது இந்த மூன்றையும் சேர்த்துத்தான். கேம்ஷாஃப்டும் பெரிய சிலிண்டரும் அதற்கப்புறம்தான் வரும். இங்கே நம் பிள்ளைகள் சைலன்சரை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். காற்று அதிகம், பெட்ரோல் பழைய அளவு. எஞ்சின் சூடேறும், ஆக்சிலரேட்டரை விட்டால் பட்பட்டென்று வெடிக்கும். அதையும் ரசிக்கிறார்கள்!

கார்புரேட்டர் வண்டியில் ஜெட் மாற்ற வேண்டும். பத்து கிலோமீட்டர் ஓட்டி, எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார். முனை வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி பிடித்திருந்தால் அதிகம், காப்பி நிறம் என்றால் சரி. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்த பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்றால் இதற்குச் சுமார் 13.5தான். ஆகவே பழைய தண்டர்பேர்டு ஒன்றும் செய்யாமலேயே வெள்ளைப் பக்கம் சாய்ந்திருக்கும்.

இன்ஜெக்ஷன் வண்டியில் சீரான வேகத்தில் ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். முழுசாகத் திருகும்போது கம்ப்யூட்டர் கம்பெனி எழுதிய கணக்கைத்தான் பார்க்கும். அதை மாற்றுகிறவர் பவர் அளக்கும் டைனோவில் வண்டியை ஏற்றி, மாற்றும் முன்னும் பின்னும் எடுத்த அளவைக் காகிதத்தில் கொடுக்க வேண்டும். திறந்த பஞ்சு ஃபில்டர் மட்டும் இந்த ஊருக்கு வேண்டவே வேண்டாம். நம் மணல் அதற்குச் சரிப்பட்டு வராது.

7. பெரிய போர் போட்டுப் பெரிய பிஸ்டன் வைப்பது ரோட்டு வண்டிக்கு வேலை இல்லை. அதெல்லாம் பந்தயத்துக்கு. நம் பக்கத்துச் சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், ஒரு காலத்தில் பந்தயம் நடந்தது. 1990-லிருந்து இருங்காட்டுக்கோட்டைத் தடம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் எஞ்சினைப் பிரித்துப் பார்க்க ஆள் இருப்பார்கள். உன் வண்டி காலையில் ஏலக்கூடத்துக்குப் போக வேண்டும்.

8. சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றத் தடை போடுகிறது. 2019-ல் திருத்திய 182ஏ-படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தமும் புகையும் அளவு மீறினால் அது தனி: முதல் தடவையே 10,000 ரூபாய் வரை. கண்டிப்பாகப் பார்த்தால் ஸ்ப்ராக்கெட்டுக்கே கேள்வி வரலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான். கேட்டலிடிக் கன்வெர்ட்டரை வெட்டி எடுக்கச் சொல்லி என்னிடம் வராதே, செய்ய மாட்டேன். நம் பழவேற்காடு ஏரி 1980-லிருந்து பறவைகள் சரணாலயம் என்பதும் நினைவிருக்கட்டும். பூநாரை வருகிற மாதங்களில் கரையில் நின்று எஞ்சினை உறும விடுகிறவனை ஊரே திட்டும், நானும் திட்டுவேன்.

9. கழற்றிய கம்பெனி பாகத்தைப் பழைய இரும்புக்குப் போடாதே. எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, உப்புக்காற்று படாமல் வீட்டுக்குள் வை. வண்டியை விற்கும்போது வாங்குகிறவன் கேட்பான்.