குளிரைச் சேமிக்கும் ஐஸ்

இன்று ஊரில் தடுப்பூசி நாள். நர்சம்மா வருகிறார். அவர் தோளில் ஒரு பெட்டி தொங்குகிறது. நீங்களும் அதைப் பார்த்திருப்பீர்கள்.

கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய் கேட்டார்: "நர்சம்மா, இந்தப் பெட்டிக்குக் கரண்ட் இல்லை. வெயிலோ கொளுத்துகிறது. மருந்து கெட்டுப்போகாதா?"

"நல்ல கேள்வி அம்மா. உள்ளே நான்கு பிளாஸ்டிக் டப்பாக்கள் இருக்கின்றன. அவற்றில் தண்ணீர் ஊற்றி, மூடி, உறைய வைத்திருக்கிறோம். நடுவில் மருந்து இருக்கிறது. ஐஸ்தான் அதற்குக் காவல்" என்றார் நர்சம்மா.

ஐஸ் எப்படிக் காக்கிறது?

ஐஸ் உருகும்போது சுற்றிலும் உள்ள வெப்பத்தை இழுத்துக் கொள்கிறது. எவ்வளவு வெப்பம் தெரியுமா? 1 கிலோ ஐஸ் உருக வேண்டிய வெப்பம், 1 கிலோ ஐஸ் தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கப் போதும்! அவ்வளவு வெப்பத்தை வாங்கியும், உருகி முடியும் வரை ஐஸ் 0 டிகிரியிலேயே இருக்கும்.

டப்பா மூடியிருப்பதால் உருகிய நீர் மருந்தின்மேல் படாது. அதே டப்பாவை மறுபடியும் உறைய வைக்கலாம். ஆனால் கழுத்து வரை தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் உறையும்போது பெருகும். இடம் இல்லாவிட்டால் டப்பா வெடித்துவிடும். அதனால்தான் டப்பாவில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அதுவரைதான் ஊற்ற வேண்டும்.

மின்சாரம் நின்றால்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து வைக்க ஒரு தனிக் குளிர்பெட்டி உண்டு. ஐ.எல்.ஆர். என்று அதைச் சொல்வார்கள். அதன் உட்சுவரைச் சுற்றித் தண்ணீர் அடைத்த குழாய்களோ டப்பாக்களோ இருக்கும். மின்சாரம் இருக்கும்போது அந்தத் தண்ணீர் உறைந்துவிடும். மின்சாரம் நின்றதும் அந்த ஐஸ் குளிர்ச்சி தரும். ஒரு நாளில் தொடர்ந்து 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலே போதும்.

சில பெரிய கட்டடங்களிலும் இதே முறை உண்டு. ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர் அடைத்த பிளாஸ்டிக் பந்துகள் நிறைந்திருக்கும். இரவில் மின் தேவை குறைவு. அப்போது இயந்திரம் ஓடும். பந்துகளில் உள்ள தண்ணீர் உறையும். மறுநாள் பகலில் அந்த ஐஸ் கட்டடத்தைக் குளிர்விக்கும்.

அதிகக் குளிரும் ஆகாது

தடுப்பு மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். வெப்பம் பட்டால் மருந்தின் வீரியம் குறையும். சில மருந்துகள் உறைந்தாலும் பயன்படாது. பிறகு ஊசி போட்டும் குழந்தைக்குப் பாதுகாப்பு கிடைக்காது.

"அதனால் ஃப்ரீசரிலிருந்து எடுத்த டப்பாவை உடனே பெட்டியில் வைக்க மாட்டோம்" என்றார் நர்சம்மா. "டப்பா வியர்க்கும் வரை வெளியே வைப்போம். காதருகே வைத்து ஆட்டுவோம். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டால்தான் பெட்டியில் வைப்போம்."

பிறகு அவர் மருந்துப் புட்டியைக் காட்டினார். அதில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சிறு சதுரமும் இருந்தன. "சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருக்க வேண்டும். வட்டத்தைப் போலவோ, அதைவிடவோ கருத்துவிட்டால் மருந்து வெப்பத்தில் கெட்டுவிட்டது. அதைப் போட மாட்டோம். நீங்களும் கேட்டுப் பார்க்கலாம். அது உங்கள் உரிமை."

தாய் புட்டியைப் பார்த்தார். சதுரம் வெளுப்பாக இருந்தது. குழந்தையை மடியில் அணைத்துக் கொண்டார். "போடுங்கள் நர்சம்மா" என்றார்.

செய்து பாருங்கள்

ஒரே மாதிரி இரண்டு டம்ளர்கள் எடுங்கள். ஒன்றில் ஐஸ் போடுங்கள். மற்றதில் அதே எடை குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். எது அதிக நேரம் குளிர்ச்சியாக இருக்கிறது?

விடை சொல்லுங்கள்

1. டப்பாவில் கோடு வரை மட்டும் ஏன் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?
2. நர்சம்மா டப்பாவை ஏன் ஆட்டிப் பார்க்கிறார்?
3. உங்கள் ஊரில் தடுப்பூசி நாள் எது?