பழைய மீன் தொட்டி வாங்குவோர் கவனத்திற்கு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் சாகுபடி நிலம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது. எஞ்சியுள்ள சில சென்ட் நிலத்திலும் வீட்டுப் புறக்கடையிலும் வண்ண மீன் வளர்த்து உபரி வருமானம் பெறச் சிறு விவசாயிகள் சிலர் விரும்புகின்றனர். மீன்களை விற்கக் கொளத்தூர் சந்தை அருகிலேயே உள்ளது. இப்பகுதியில் பல இடங்களில் கிடைக்கும் கடினமான போர் தண்ணீரிலும் மோலி, கப்பி போன்ற குட்டி போடும் மீன்கள் நன்றாகவே வளரும். தொழிலைத் தொடங்குவோர் செலவைக் குறைக்க முதலில் தேடுவது பழைய கண்ணாடித் தொட்டிகளைத்தான். மூடப்பட்ட கடைகளிலும், வீடு மாற்றிச் செல்வோரிடமும் இவை மலிவாகக் கிடைக்கின்றன.

விலை மலிவுதானா என்பதைக் கணக்குப் போட்டே அறிய வேண்டும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். அடிப்பாகம், முன்பக்கம், பின்பக்கம் ஒவ்வொன்றும் நாலரை சதுர அடி. பக்கவாட்டுக் கண்ணாடிகள் இரண்டும் சேர்ந்து நாலரை. ஆக மொத்தம் 18 சதுர அடி. அதே கனமுள்ள புதிய கண்ணாடி சதுர அடி என்ன விலை என்று உங்கள் ஊர்க் கண்ணாடிக் கடையில் கேட்டு, 18-ஆல் பெருக்கி, பசைக்கும் கூலிக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய தொட்டியின் விலை இதில் பாதிக்கு மேல் போனால் புதிதாகச் செய்துகொள்வதே நலம். காரணம், பழைய தொட்டியில் கண்ணாடிக்கு மட்டுமே மதிப்பு உண்டு. பசைக்கு ஆயுள் குறைவு.

தொட்டியின் பலம் அதன் மூலைகளை ஒட்டியிருக்கும் சிலிகான் பசையில் இருக்கிறது. நல்ல பசையை நகத்தால் அழுத்தினால் ரப்பரைப் போல உள்வாங்கித் திரும்பும். முற்றிய பசை மஞ்சளித்து, விறைத்து, ஓரங்களில் உரிந்து எழும்பும். நெடுநாள் நீரின்றி வெயிலில் கிடந்த தொட்டிகளில் இதை அடிக்கடி காணலாம். விற்பவர் உள்மூலையில் புதுப்பசை பூசி வைத்திருந்தால் எச்சரிக்கை தேவை. ஆறிய பழைய பசையின் மேல் புதுப்பசை சரியாகப் பிடிப்பதில்லை. பிளேடால் பழையதை முழுவதும் சுரண்டி எடுத்து, கண்ணாடியைத் துடைத்துக் காயவைத்த பிறகே மறுபடி ஒட்ட வேண்டும். பூஞ்சண மருந்து கலந்த குளியலறைப் பசை மீன்களுக்கு ஆகாது என்பதையும் நினைவில் கொள்க.

அடுத்து, கண்ணாடியில் படிந்துள்ள வெள்ளை உப்புக் கோட்டைப் பாருங்கள். முன்பு எந்த மட்டம் வரை நீர் நின்றது என்பதை அது காட்டிக்கொடுக்கும். கோடு பாதி உயரத்தில் நின்றால் காரணம் கேளுங்கள். குஞ்சுகளுக்காகக் குறைவாக நிரப்பியிருக்கலாம். மேல்பாதியில் கசிவும் இருக்கலாம். கண்ணாடியின் கனத்தை ஓரத்தில் ஸ்கேல் வைத்து அளந்து விடுங்கள். மேலே சொன்ன தொட்டிக்கு 8 மில்லிமீட்டர் இருந்தால் பாதுகாப்பு. 2 அடி நீளம், 1 அடி உயரமுள்ள சிறு தொட்டிக்கு 5 மில்லிமீட்டர் போதும். மேல்விளிம்பில் குறுக்குப் பட்டை உடைந்திருந்தால் நிரப்பும்போது முன்பக்கம் வெளியே வளையும். மூலையில் தொடங்கும் விரிசல் இருக்கும் தொட்டியை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

பகல் வெளிச்சத்தில் சென்று, விற்பவர் இடத்திலேயே நீர் நிரப்பிக் காட்டச் சொல்லுங்கள். ரசமட்டம் பார்த்த சமதளத்தில் தெர்மோகோல் அட்டை விரித்துத் தொட்டியை வைத்து, சுற்றிலும் பழைய செய்தித்தாளைப் பரப்பவும். மூன்றில் ஒரு பங்காக நிறுத்தி நிறுத்தி நிரப்பி, ஒரு நாள் முழுவதும் விட்டுவைக்க வேண்டும். தாள் நனையாவிட்டால் பணம் கொடுக்கலாம். ஒரு நாள் பொறுக்க மறுப்பவரிடம் பேரம் பேசுவது வீண். இத்தொட்டி சுமார் 190 லிட்டர் பிடிக்கும். கண்ணாடியுடன் எடை 220 கிலோவைத் தாண்டும். பழைய மேசை இதைத் தாங்காது. வண்டியில் ஏற்றும்போது நீரும் மணலும் அறவே இருக்கக் கூடாது. குறுக்குப் பட்டையைப் பிடித்துத் தூக்குவதும் கூடாது.

கண்ணுக்குத் தெரியாமல் உடன் வருவது நோய். முந்தைய மீன்கள் மெலிந்து, முதுகு வளைந்து, ஒன்றொன்றாக இறந்தனவா என்று விசாரியுங்கள். அது மீன் காசநோயின் அடையாளமாக இருக்கலாம். அந்தக் கிருமி கையிலுள்ள காயத்தின் வழியே மனிதருக்கும் தொற்றி, ஆறாத கட்டிகளை உண்டாக்கும். ஆகவே கையுறை அணிந்தே கழுவவும். சோப்பு வேண்டாம். உப்புப் படிவை வினிகர் தொட்ட துணியால் தேய்த்து எடுத்து, நல்ல நீரில் பலமுறை அலசிய பிறகே பிளீச்சிங் பவுடர் கரைசலைப் பயன்படுத்த வேண்டும். இரண்டும் கலந்தால் நச்சுவாயு எழும். 10 லிட்டர் நீருக்கு 10 கிராம் வீதம் கரைத்து, தெளிந்த நீரால் உட்புறம் முழுவதையும் ஒரு மணி நேரம் நனைத்து வைக்கலாம். மீன் காசநோய்க் கிருமி குளோரினுக்கு எளிதில் மடியாது. சந்தேகம் இருந்தால் 70 சதவீத ஆல்கஹால் கொண்டு துடைப்பது நல்லது. அருகில் நெருப்பு கூடாது. பின்னர் மூன்று முறை கழுவி இரண்டு நாள் வெயிலில் உலர்த்தவும். தொட்டியோடு இலவசமாக வரும் பழைய மணல், வலை, காற்றுக் கல் ஆகியவற்றை வாங்காதீர்கள்.

எல்லாத் தொட்டியும் கண்ணாடியாக இருக்க வேண்டிய தேவையும் இல்லை. இனப்பெருக்கத்திற்கும் வாங்குவோருக்குக் காட்டுவதற்கும் நான்கைந்து கண்ணாடித் தொட்டிகள் போதும். குஞ்சுகளை வளர்த்தெடுக்கச் சிமென்ட் தொட்டியோ தார்ப்பாய்த் தொட்டியோ சிக்கனமானது. பழைய தொட்டிகள் மலிவாகக் கிடைத்தன என்பதற்காக இருபது, முப்பது வாங்கிக் குவித்தால் அடுத்த ஆண்டு பசை மாற்றும் வேலையே பெரிதாகிவிடும்.

கழுவி முடித்ததும் விலை உயர்ந்த தாய் மீன்களை உடனே விட வேண்டாம். ஒரு நாள் ஊறிய நீரில் ஐந்தாறு சாதாரண மோலிகளை விட்டு மூன்று வாரம் கவனியுங்கள். அவை இரை எடுத்து, துடுப்பு விரித்து நீந்தினால் மற்ற மீன்களை விடலாம்.