தொலைபேசியில் எதிரொலி: பிழை யார் பக்கம்?



பூசை முடிந்து பிரசாதத்துக்கு நிற்கும் வேளையில், பிளேஸ்டோ, ஈஸ்ட்ஹாம் குடும்பங்களிடமிருந்து நாம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுண்டு. "ஊருக்கு வைபரில எடுத்தால் என்ரை குரலே எனக்குத் திரும்பக் கேக்குது. அம்மா சொல்லுறது விளங்குதில்லை. பிறகு எடுக்கிறன் எண்டு வைச்சிட்டன்." அந்த அம்மாவோ, மகனுக்குத் தன்னோடு பேச நேரமில்லை என்று எண்ணிக்கொள்கிறார். 1990களில், யாழ்ப்பாணத்து உறவினர் வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வந்து சேரும்வரை ஓர் அழைப்புக்காகக் காத்திருந்தவர்கள் நம்மிற் பலர். முகம் பார்த்துப் பேசும் வசதி வந்த பிறகு எதிரொலிக்குத் தோற்பதா?

முதலில் ஒன்றை மனதிற் கொள்வோம். எதிரொலியைக் கேட்பவர் ஒருவர். அதை உண்டாக்கும் கருவி பெரும்பாலும் மற்றவருடையது. நீங்கள் இங்கே சொல்லும் சொல் ஊரிலுள்ள கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியில் வெளிவருகிறது. அதே கருவியின் ஒலிவாங்கி அதைப் பிடித்து உங்களுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆகவே உங்கள் கருவியை எவ்வளவு தட்டித் திருகினாலும் பயனில்லை. உங்களோடு பேசுகிற எல்லோரும் "எங்கட குரல் எங்களுக்கே கேக்குது" என்று முறையிட்டால் மட்டும் உங்கள் கருவியைப் பாருங்கள்.

குரல் உடனே திரும்பினால் காது அதைப் பொருட்படுத்தாது. ஏறத்தாழ ஒரு செக்கனின் நூறில் மூன்று பங்குக்கு மேல் தாமதித்தால்தான் தொல்லை. இணையத்தில் குரல் சிறு பொதிகளாகப் பிரிந்து சென்று மறுமுனையில் மீண்டும் சேர்வதால், இலங்கைக்குப் போய்வர அதைவிட எவ்வளவோ கூடுதல் நேரம் எடுக்கும். ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்திலிருந்த செய்மதி வழியாகப் பேசிய காலத்திலும் இதே சிக்கல் இருந்தது. அதற்குப் பரிகாரம் தேடிய பெல் ஆய்வுகூடத்தவருள் இந்தியாவிற் பிறந்த மன்மோகன் சோந்தியும் ஒருவர். அவரது கட்டுரை 1967இல் வெளிவந்தது. ஒலிபெருக்கிக்குப் போகும் ஒலி இன்னதென்று கருவிக்குத் தெரியும். ஒலிவாங்கியில் வருவதிலிருந்து அதைக் கழித்துவிட்டால் எதிரொலி போய்விடும். இன்றைய கைத்தொலைபேசிகளும் இந்தக் கழித்தலைத்தான் செய்கின்றன. அழைப்புத் தொடங்கிய சில செக்கன்களில் அது அறையின் தன்மையைப் பழகிக்கொள்ளும். எனவே உடனே வைத்துவிடாமல் சற்றுப் பொறுங்கள்.

பொறுத்தும் போகவில்லையா? ஊரில் ஒலி உச்சத்தில் இருக்கக்கூடும். காது மந்தமான பெரியவர்கள் ஸ்பீக்கரைப் போட்டு, ஒலியை முழுதாகக் கூட்டி வைத்திருப்பார்கள். சிறிய ஒலிபெருக்கி அப்போது கரகரக்கும். கரகரத்த ஒலியைக் கருவியால் சரியாகக் கழிக்க முடியாது. "அம்மா, சத்தத்தைக் குறையுங்கோ" என்றால் அவருக்குக் கேட்காது, மனமும் நோகும். வீட்டில் நிற்கும் பேரப்பிள்ளையிடம் சொல்லி, ஒலிவாங்கியுள்ள கம்பிக் காதுக்கருவி ஒன்றை மாட்டிவிடச் சொல்லுங்கள். அம்மாவுக்கு வேண்டிய அளவு சத்தமாகக் கேட்கும். உங்களுக்கு எதிரொலியும் வராது. நாம் கண்டவரை இதைவிடச் சிறந்த மருந்தில்லை.

குழு அழைப்பில் வேறொரு தவறு நடக்கும். ஒரே அறையில் இருவர் தனித்தனிக் கருவிகளில் இணைந்தால், ஒன்றின் ஒலியை மற்றது பிடித்து ஊளையிடும். ஒன்றை அணைத்துவிடுங்கள். தொலைக்காட்சியில் நல்லூர்த் திருவிழா ஓடிக்கொண்டிருந்தால் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள், முருகன் கோபிக்க மாட்டார்!

மறுமுனையில் இருப்பது பழைய கம்பித் தொலைபேசி என்றால் கதை வேறு. அங்கே போகும் குரலும் வரும் குரலும் ஒரே சோடிக் கம்பியில் செல்வதால், இணைப்பகத்திலேயே கொஞ்சம் திரும்பிவிடும். அதற்கு வீட்டிலிருப்பவர் செய்யக்கூடியது அதிகமில்லை. வைத்துவிட்டு மீண்டும் எடுத்தால் சிலவேளை வேறு வழியாக இணைந்து சரியாகும்.

பிரித்தானியாவிலும் பழைய தொலைபேசி வலையமைப்பை 2027 ஜனவரி இறுதிக்குள் மூடத் திட்டமிட்டிருக்கிறார்கள். வீட்டுத் தொலைபேசியை ரவுட்டரில் மாட்டிய பிறகு யாரோடு பேசினாலும் எதிரொலி கேட்டால், முதலில் வேறொரு தொலைபேசியை மாட்டிப் பாருங்கள். அப்போதும் கேட்டால் சேவை நிறுவனத்துக்கு அறிவியுங்கள். மின்சாரம் நின்றால் ரவுட்டரும் நின்றுவிடும், 999க்கும் அழைக்க முடியாது. தனியே வாழும் முதியோர் மாற்று மின்கலம் பற்றியும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

இத்தனைக்கும் பிறகும் சரிவராவிட்டால் கைத்தொலைபேசியைக் கோயிலுக்குக் கொண்டுவாருங்கள். நம் இளைஞர்கள் பார்த்துத் தருவார்கள், பூசை முடிந்த பிறகு.