சிலந்தி எழுதிய சொற்கள்: சிறார் நாவலை வகுப்பறையில் வாசிக்கச் சில செயல்பாடுகள்

பாடநூலில் வரும் ஒரு கதை நான்கைந்து பக்கங்களில் முடிந்துவிடும். நாவல் அப்படியல்ல. மாணவர்கள் அதனோடு பல வாரங்கள் பழக வேண்டும். அந்த வாரங்களில் வகுப்பறையில் என்ன செய்வது? முகமூடி செய்யலாம், அட்டைப்படம் வரையலாம், கதாபாத்திரங்களின் பெயர்களைக் கட்டங்களில் நிரப்பலாம். எல்லாம் நல்லவையே. ஆனால் நாவலின் ஒரு பக்கத்தைக்கூட வாசிக்காத மாணவரும் இவற்றில் பலவற்றைச் செய்துவிட முடியும்.

ஆகவே, எந்தச் செயல்பாட்டைத் திட்டமிட்டாலும் நான் ஒரே ஒரு கேள்வியை முன்வைத்துப் பார்க்கிறேன்: இதைச் செய்து முடிக்க மாணவர் மறுபடியும் புத்தகத்தைத் திறந்தாக வேண்டுமா? ஆம் என்றால் அது வாசிப்புச் செயல்பாடு. இல்லை என்றால் அதைக் கைவேலைப் பாடவேளைக்கு ஒதுக்கிவிடலாம்.

இந்த அளவுகோலைக் கொண்டு ஏழாம் வகுப்பில் நான் நடத்திப் பார்த்த ஒரு நாவலை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் இ.பி. வைட் எழுதி 1952இல் வெளிவந்த ‘சார்லட்ஸ் வெப்’, அதாவது ‘சார்லட்டின் வலை’. மொத்தம் 22 அத்தியாயங்கள். என்னிடம் இருந்தது ஒரே ஒரு பிரதி. ஒவ்வோர் அத்தியாயத்திலும் எளிய பத்தி ஒன்றை ஆங்கிலத்திலேயே வாசித்துக் காட்டி, மற்றதைத் தமிழில் கதையாகச் சொன்னேன். அன்றைய முக்கிய பத்தியை மட்டும் சார்ட் தாளில் எழுதித் தொங்கவிட்டேன். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம். எட்டு வாரங்களில் முடிந்தது.

கதைச் சுருக்கம்

ஒரு பண்ணை வீட்டில் பிறந்த பன்றிக்குட்டிகளில் ஒன்று மிகச் சிறியது. பிழைக்காது என்று அதைக் கொல்லப்போகும் அப்பாவைத் தடுக்கிறாள் எட்டு வயது ஃபெர்ன். வில்பர் என்று பெயரிட்டுப் புட்டிப்பால் கொடுத்து வளர்க்கிறாள். வளர்ந்த வில்பர் அவளுடைய மாமா ஜுக்கர்மனின் தொழுவத்துக்குப் போகிறது. குளிர்காலம் வந்தால் தன்னை இறைச்சியாக்கிவிடுவார்கள் என்று அங்குள்ள கிழட்டு ஆடு சொல்லித்தான் அதற்குத் தெரியவருகிறது. அதே தொழுவத்தின் வாசல் மேலே வலை பின்னியிருக்கும் சார்லட் என்னும் சிலந்தி, உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று வாக்களிக்கிறது. வலையில் வில்பரைப் புகழ்ந்து சொற்களைப் பின்னுகிறது. மக்கள் திரண்டு வந்து பார்க்கிறார்கள். வில்பர் பிழைக்கிறது. சார்லட் 514 முட்டைகளை ஒரு பையில் இட்டுவிட்டு, சந்தைத் திடலில் தனியே இறந்துபோகிறது.

ஓர் உயிரைக் காப்பாற்றச் சரியான சொல் தேவைப்படுகிறது என்பதுதான் கதை. மொழி கற்பிக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான நாவல் வேறென்ன வேண்டும்?

செயல்பாடு 1: மூன்று பெயர்கள், மூன்று சீட்டுகள்

நாவலின் பெயரைச் சொல்வதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ‘பன்றி’, ‘சிலந்தி’, ‘எலி’ என்று கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மனத்தில் தோன்றும் முதல் சொல்லைச் சீட்டில் எழுதச் சொன்னேன். பெயர் போடத் தேவையில்லை. சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு மூடி, அலமாரியில் வைத்தேன்.

‘பன்றி’ என்றதுமே வகுப்பு சிரித்தது. நம் ஊர்களில் அது வசைச்சொல். சிரிப்பை அடக்க நான் முயலவில்லை, காரணமும் கேட்கவில்லை. ஒன்றில் மட்டும் கவனமாக இருந்தேன். வகுப்பில் பன்றி வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் இருக்கலாம். அவர்களைச் சுட்டி எதுவும் கேட்கக்கூடாது. என் வகுப்பில் அப்படி ஒருவன் இருந்தான். முதல் இரண்டு நாளும் தலைகுனிந்தே உட்கார்ந்திருந்தான். ஃபெர்ன் புட்டிப்பால் கொடுக்கும் பகுதி வந்த மூன்றாம் நாள் அவனே கையை உயர்த்தினான். “சின்னக் குட்டிக்குப் பின்னாடி காம்புதான் சார் கிடைக்கும். அதுல பால் கம்மி. எங்கம்மா முதல்ல அதைத்தான் எடுத்து முன்னாடி விடுவாங்க” என்றான். அன்றிலிருந்து தொழுவம் பற்றிய ஐயம் எதுவானாலும் வகுப்பு அவன் பக்கம்தான் திரும்பியது.

செயல்பாடு 2: ஃபெர்ன் செய்தது சரியா?

முதல் அத்தியாயத்தில் அப்பா கோடாரியோடு போகும் இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட வேண்டும். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் அப்பாவுக்காகவும் மறுபக்கம் ஃபெர்னுக்காகவும் பேசட்டும். நிபந்தனை ஒன்றுதான்: ஒவ்வொரு வாதத்துக்கும் சார்ட் தாளில் உள்ள பத்தியிலிருந்து ஒரு வரியைத் தொட்டுக்காட்ட வேண்டும். 

அப்பாவைக் கொடியவர் என்று தொடங்கிய குழுவால் அதற்கு ஒரு வரியையும் காட்ட முடியவில்லை. அவர் விவசாயி, நலிந்த குட்டி தேறாது என்பது அவர் அனுபவம். மகளின் பேச்சைக் கேட்டு மனம் மாறுபவரும் அவரே. பத்து நிமிடத்தில் மாணவர்கள் அவருடைய நிலையையும் புரிந்துகொண்டார்கள். சான்று காட்டிப் பேசுவது என்பதைத் தனிப் பாடமாக நடத்தத் தேவையில்லாமல் போயிற்று.

செயல்பாடு 3: எலி கொண்டுவந்த சொற்கள்

நாவலின் நடுப்பகுதியில் சார்லட்டுக்குச் சொற்பஞ்சம் வருகிறது. குப்பைமேட்டிலிருந்து காகிதத் துண்டுகளைக் கொண்டுவரும் வேலை டெம்பிள்டன் என்னும் எலிக்குத் தரப்படுகிறது. மொறுமொறுப்பைக் குறிக்கும் ஒரு சொல்லை அது கொண்டுவருகிறது. சார்லட் உடனே மறுத்துவிடுகிறது. மொறுமொறு என்றால் ஜுக்கர்மனுக்கு வறுத்த இறைச்சி அல்லவா நினைவுக்கு வரும்! சட்டைத் துணியின் சீட்டில் இருந்த சொல்லும் பொருந்தவில்லை. கடைசியில் சோப்புத்தூள் பெட்டியிலிருந்த ‘ஒளிர்கின்ற’ என்னும் பொருளுடைய சொல் தேறுகிறது.

இதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவந்தேன். வீட்டிலும் தெருவிலும் கிடைக்கும் காலி உறைகளிலிருந்து ஆளுக்கு ஐந்து சொற்களைக் கத்தரித்து வரச் சொன்னேன். பிஸ்கட், தேயிலை, சலவைத்தூள், ஊதுபத்தி என்று எல்லா உறைகளும் வந்தன. பிறகு வகுப்புத் தோழர்களின் பெயர்களைக் குலுக்கிப் போட்டு ஆளுக்கொன்று எடுக்கச் செய்தேன். யாருக்கும் சொல் கிடைக்காமல் போகக்கூடாது என்பதற்காகவே இந்தக் குலுக்கல். தனக்கு வந்த பெயருக்கு உரிய ஒரு சொல்லை உறைகளிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கான காரணத்தை ஒரு வாக்கியத்தில் எழுத வேண்டும். நிறம், உருவம், மதிப்பெண் ஆகிய மூன்றும் கூடாது.

தினமும் தாமதமாக வரும் ஒரு மாணவனுக்குச் சிமென்ட் மூட்டையிலிருந்து ‘உறுதி’ என்ற சொல் கிடைத்தது. காரணம்: “இவன் காலையில் பால் ஊற்றிவிட்டு வருகிறான். மழை பெய்தாலும் விடுப்பு எடுப்பதில்லை.” அவன் ஏன் தாமதமாக வருகிறான் என்பது வருகைப்பதிவேட்டில் இல்லை, அந்தச் சீட்டில் இருந்தது. நூலால் கட்டிய வலையில் எல்லாச் சொற்களையும் தொங்கவிட்டோம். ஆண்டு முடியும்வரை அது சுவரில் இருந்தது.

மேல்வகுப்புகளுக்கு மொழிபெயர்ப்பாகவும் இதை நீட்டிக்கலாம். சார்லட் முதன்முதலில் எழுதும் இரண்டு சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘ஏதோ ஒரு பன்றி’ என்றால் புகழ்ச்சியே போய்விடும். நீண்ட விவாதத்துக்குப் பின் எங்கள் வகுப்பு ஏற்றுக்கொண்டது: ‘பன்றின்னா இதுதான் பன்றி!’ கடைசியாக வலையில் வரும் ஆங்கிலச் சொல்லுக்குச் செருக்கின்மை, தரைக்கு அருகில் இருத்தல் என்று இரண்டு பொருளையும் சார்லட் சொல்கிறது. தமிழில் ‘பணிவு’ என்று போட்டுப்பாருங்கள். பணிதல் என்றால் தாழ்தல். இரண்டு பொருளும் பொருந்திவிடும்.

செயல்பாடு 4: வேலியோரச் சிலந்தி

இ.பி. வைட் இந்த நாவலை எழுதச் சிலந்திகளைப் பற்றி நிறையப் படித்தார். அதனால்தான் சார்லட் பேசினாலும் சிலந்தியாகவே இருக்கிறது: எட்டுக் கால்கள், வலையில் சிக்கும் பூச்சிகளே உணவு. முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் மெல்லிய இழையை வெளிவிட்டுக் காற்றில் பறந்து போகின்றன. இவையெல்லாம் உண்மை. வலையில் சொல் எழுதுவது மட்டும் கற்பனை.

அதற்கும் நம் வேலியில் ஓர் உறவுக்காரர் உண்டு. புதர்களிலும் வேலிகளிலும் வட்ட வலை கட்டி, நடுவில் கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறிபோல் அமர்ந்திருக்கும் சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள். வலையில் வெள்ளை இழையால் கோணல்மாணலாக ஒரு பின்னலும் போட்டிருக்கும். ஆங்கிலத்தில் இதற்குக் ‘கையெழுத்துச் சிலந்தி’ என்றே பெயர். தொடாமல், வலையைக் கலைக்காமல் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “நாவலில் உள்ளது, இங்கே கண்டது, இரண்டுக்கும் வேறுபாடு” என்று மூன்று பத்தி அட்டவணை தயாரிக்கச் செய்யலாம். அறிவியல் ஆசிரியரும் சேர்ந்துகொண்டால் சிறப்பு. தொடக்கநிலை வகுப்புகளுக்கு இந்த ஒரு செயல்பாடே போதும்.

செயல்பாடு 5: கடன் நோட்டு

மளிகைக் கடை நோட்டைப்போல் ‘கொடுத்தது’, ‘பெற்றது’ என இரண்டு பத்திகள். வில்பர், சார்லட், டெம்பிள்டன், ஃபெர்ன் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். அத்தியாய எண்ணுடன் எழுத வேண்டும். எலியின் கணக்கு சுவையானது. முட்டைப்பையை எடுத்துத் தருவதற்குக்கூட, இனி தீவனத் தொட்டியில் நீதான் முதலில் சாப்பிடலாம் என்று வில்பர் வாக்களித்த பிறகே ஒப்புக்கொள்கிறது. கூலிக்குச் செய்த உதவி உதவியாகுமா? சார்லட்டின் ‘பெற்றது’ பத்தி ஏன் இவ்வளவு சிறியது? ஊரார் பன்றியைத்தானே புகழ்ந்தார்கள், எழுதிய சிலந்தியை ஏன் கவனிக்கவில்லை? கவனித்தவர் யாராவது உண்டா? கடைசிக் கேள்விக்கு விடை புத்தகத்தில் இருக்கிறது. தேடட்டும்.

செயல்பாடு வேண்டாத ஓர் அத்தியாயம்

சார்லட் இறக்கும் அத்தியாயத்துக்கு நான் எந்தச் செயல்பாடும் வைக்கவில்லை. வாசித்துவிட்டுச் சற்று நேரம் அமைதியாக இருந்தோம். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. அண்மையில் வீட்டில் இறப்பைச் சந்தித்த மாணவர் வகுப்பில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். என் வகுப்பில் அந்த ஆண்டு தாயை இழந்த மாணவி ஒருத்தி இருந்தாள். முதல்நாளே அவளைத் தனியே அழைத்து, நாளை சார்லட் இறந்துவிடும் என்பதைச் சொன்னேன். விரும்பினால் அந்தப் பாடவேளையில் நூலகத்தில் இருக்கலாம் என்றும் சொன்னேன். அவள் வகுப்பிலேயே இருந்தாள். வாசித்து முடித்தபின் வந்து, “வில்பர் சார்லட்டை மறந்துடுமா சார்?” என்று கேட்டாள்.

இன்னும் ஓர் அத்தியாயம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிப் புத்தகத்தை அவளிடம் கொடுத்தேன். உணவு இடைவேளையில் அகராதியை வைத்துக்கொண்டு அவள் அதை வாசித்தாள். அடுத்த வகுப்பில் கடைசி அத்தியாயத்தைத் தமிழில் சொன்னது நானல்ல, அவள்தான்: குஞ்சுகள் பறந்து போனதையும், மூன்று மட்டும் தங்கியதையும், வில்பர் சார்லட்டை ஒருநாளும் மறக்காததையும்.

நிறைவாக

கடைசி நாளில் டப்பாவைத் திறந்து பழைய சீட்டுகளை வாசித்தோம். ‘பன்றி’க்கு ‘சாக்கடை’, ‘அசிங்கம்’ என்றும், ‘சிலந்தி’க்கு ‘ஒட்டடை’ என்றும் வந்திருந்தன. புதிய சீட்டுகளில் ‘நண்பன்’, ‘எழுத்தாளர்’ என்று இருந்தன. ‘எலி’க்கு மட்டும் பெரும்பாலோர் பழைய சொல்லையே எழுதியிருந்தார்கள். அதற்கும் நோட்டிலிருந்து அத்தியாய எண்ணைக் காட்டினார்கள்!

இந்தச் செயல்பாடுகளை வளரறி மதிப்பீட்டுக்கும் பதிவு செய்துகொள்ளலாம். நாவல் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ரஸ்கின் பாண்டின் ‘நீலக் குடை’ கதைக்குக் கடன் நோட்டு மிகவும் பொருந்தும். அங்கே கதையே ஒரு பண்டமாற்றில்தான் தொடங்குகிறது. உங்கள் நூலகத்தில் உள்ள எந்தச் சிறார் நாவலையும் எடுங்கள். மாணவரை அந்தப் புத்தகத்தின் பக்கங்களுக்கே திருப்பி அனுப்பும் ஒரு செயல்பாடாவது அதில் உங்களுக்குக் கிடைக்கும்.